குடாநாட்டுக்கு இரண்டாம் பாதை: கம்பியற்ற இணைப்புப் பற்றிய சில குறிப்புகள்

கம்பியற்ற தொடர்பு பற்றிய உரையாடல்களில் வேகமே முதன்மை பெறுகின்றது. இணைப்பு அறுந்தால் யார் தனித்துவிடப்படுவர் என்பதையே நாம் இங்கு நோக்குகின்றோம். கொக்காவிலில் நின்ற ரூபவாகினி அஞ்சற் கோபுரம் 1990 இல் போரில் அழிந்தது. அவ்வூரில் 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் திறக்கப்பட்டதோ 2011 இலேயே.

இரு முனைகளை நேர்நோக்கி இணைக்கும் அலைக்குத் தடையற்ற பார்வைக்கோடு வேண்டும். கடல்நீரேரியைக் கடக்கையில் நீர்ப்பரப்பில் தெறிக்கும் அலை நேரலையை நலிவிக்கும். குறுந்தூரத்துக்கான 60 கிகாஹேட்ஸ் அலை மாரிமழையில் வலுவிழக்கும். 5 கிகாஹேட்ஸ் அலை, வேகங் குறைந்ததாயினும், தாங்கும். ஆதலின் முன்னது முதன்மையாகவும் பின்னது துணையாகவும் அமைக்கப்படும். இரு முனைகளிலுமுள்ள வழிப்படுத்திகள் இடையறாது குறுஞ்செய்தி பரிமாறும். மறுமொழி தொடர்ந்து தவறின், தரவு தானாகவே துணைப்பாதைக்கு மாறும். முதன்மைப் பாதை மீண்டவுடனே திரும்புதல் தகாது. அது சிறிதுநேரம் உறுதியாக நின்ற பின்னரே திரும்பவேண்டும். இன்றேல் இணைப்பு ஊசலாடும்.

ஆயின், ஒரே கோபுரத்தில் ஒரே மின்கலத்தை நம்பிய இரு கருவிகள் இரு பாதைகளல்ல. (விற்பனையாளர் இதனை அழுத்திச் சொல்வதில்லை.) 2011 இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம், ஆனையிறவைத் தொடாது வேறு நிலத்தினூடாகச் சென்றமையாலேயே மாற்றுவழியாயிற்று. அலைக்கும் அஃதே பொருந்தும். கோபுரங்களின் உடைமையும் அவற்றை நிறுத்தும் அதிகாரமும் ஒரே கையிலிருப்பின், எந்த வழிப்படுத்தியும் அதற்கு மாற்றுத் தேடித் தராது.

நெடுந்தீவுக்குத் திட்டமிடுவோர், இரண்டாம் கோபுரம் எங்கே, அதன் மின் எவருடையது, திருத்துந் தொழிலாளி எப்படி வருவார் என்பவற்றை முதலில் எழுதவேண்டும். அலையை நலிவிக்கும் அதே மாரியில்தான் குறிகட்டுவானிலிருந்து படகோடாத நாட்களும் வருகின்றன.