கையெழுத்துப் போடலாமா?

முடிச்சூரில் எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. "ஊரில் பாதிப் பேருக்கு இருப்பதுதானே!" என்று அவரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. சென்ற வருஷம் பாதத்தில் ஒரு சின்னப் புண் வந்தது. செருப்புக் கடித்த புண்தான். ஆனால் ஆறுவேனா என்று அடம் பிடித்தது. நாலு மாதமாகியும் வாய் மூடவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் விளக்கேற்றிய கையோடு, கத்தைக் காகிதத்துடன் அக்கா நம் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏன் தங்கச்சி, ஆஸ்பத்திரியில் ஏதோ புதுக் களிம்பு சோதிக்கிறார்களாம். 'சேருகிறீர்களா?' என்று கேட்டு இதைக் கொடுத்தார்கள். பையன் டெலிபோனில், 'அம்மா, உன்னைச் சோதனை எலியாக்கி விடுவார்கள், போடாதே' என்று கத்துகிறான். பெண்ணோ, 'நாளைக்குக் காலையே எடுக்க வேண்டி வந்தால் என்ன செய்வாய்? பேசாமல் போடு' என்கிறாள். நீ சொல், கையெழுத்துப் போடலாமா?"

நான் போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. நம் ஊருக்குப் பக்கத்திலேயே தொடங்கும் ஒரு கதையைச் சொன்னேன். வாசகிகளே, உங்களுக்கும் அதையே சொல்லுகிறேன்.

ஸானடோரியமும் குடிசையும்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரைப் பக்கம் போனால் அடுத்த ஸ்டேஷனின் பெயர் என்ன? தாம்பரம் ஸானடோரியம். டாக்டர் சௌரி முத்து என்பவர் 1928-ல் அங்கே காசநோயாளிகளுக்காக ஓர் ஆரோக்கிய நிலையம் ஆரம்பித்தார். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் அவர் நடத்திய ஸானடோரியத்தில்தான் நம் கணித மேதை ராமானுஜம் சில காலம் சிகிச்சை பெற்றார். தாம்பரத்து நிலையத்தை 1937-ல் சர்க்கார் எடுத்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் காசம் என்றால் வைத்தியம் இதுதான்: சுத்தமான காற்று, முட்டையும் பாலும், மாதக் கணக்கில் படுக்கை. உலகத்து டாக்டர்கள் எல்லாருக்கும் இதில் சந்தேகமே கிடையாது. ஆனால் ஸானடோரியத்துப் படுக்கைகள் சிலவே. நோயாளிகளோ லட்சக் கணக்கு! இடம் கிடைக்காத ஏழை என்ன செய்வான்?

1956-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடிச் செய்த காரியம். முதல் டைரக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர். அவர்கள் கேட்ட கேள்வி மிக எளிமையானது: "நோயாளியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு மாத்திரை மட்டும் கொடுத்தால் குணமாகுமா, ஆகாதா?"

நகரத்தின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். யார் எந்தப் பிரிவு என்பதை டாக்டர் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவது போன்ற முறைதான் தீர்மானித்தது. ஒரு பிரிவு ஸானடோரியத்துக்குப் போயிற்று. மற்றது நெருக்கடியான ஒற்றை அறை வீட்டிலேயே இருந்தது. இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். வீட்டில் இருப்பவர்கள் மாத்திரையை விழுங்குகிறார்களா, அல்லது பானைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார்களா என்று சுகாதார ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து எண்ணிப் பார்த்தார்கள்!

முடிவு 1959-ல் வெளிவந்தது. ஸானடோரியத்தில் 100-க்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் 100-க்கு 86 பேருக்கு! அரை வயிற்றுச் சாப்பாடு, இடுப்பொடியும் வேலை, ஒண்டுக் குடித்தனம் எல்லாவற்றோடும் 86. வீட்டில் உள்ள குழந்தை குட்டிகளுக்கு அதனால் அதிகமாக நோய் தொற்றியதா என்று ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். அப்படியும் தொற்றவில்லை.

உலகமே தன் வைத்தியத்தை மாற்றிக்கொண்டது. இன்று காசநோயாளி வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிடுகிறார் என்றால், அதற்கு வழி காட்டியவர்கள் பேர் தெரியாத அந்தச் சென்னைக் குடும்பங்கள்தாம். நிலையம் இன்றும் சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் நடக்கிறது.

சீட்டு எதற்கு?

கதையைக் கேட்ட அக்கா, "எல்லாம் சரி. படித்த டாக்டர்கள் இதற்குப் போய்ச் சீட்டுக் குலுக்குவானேன்?" என்றார்.

நியாயமான கேள்விதான். டாக்டரே பொறுக்கினால், தெம்பாக இருப்பவரைப் புது மருந்துக்கும் நலிந்தவரைப் பழைய மருந்துக்கும் அவரை அறியாமலே அனுப்பிவிடக் கூடும். பிறகு புது மருந்து ஜெயித்ததா, தெம்பு ஜெயித்ததா என்று யார் சொல்வது? அதனால்தான் சீட்டு. பல சோதனைகளில் எவருக்கு எது கிடைத்தது என்பது முடிவு வரையில் நோயாளிக்கும் தெரியாது, மருந்து கொடுப்பவருக்கும் தெரியாது.

இதைக் கேட்டதும் அக்காவின் முகம் சுருங்கியது. "அப்படியானால் எனக்கு வெறும் களிம்பும் கிடைக்கலாமா?" ஆம், கிடைக்கலாம். ஆனால் அவருடைய காகிதத்தில், புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவதும், சர்க்கரைக்கு வைத்தியமும் இரண்டு பிரிவுக்கும் உண்டு என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் வைப்பதுதான் புதுக் களிம்பா, வெறும் களிம்பா என்ற வித்தியாசம்.

புது மருந்து என்றாலே நல்ல மருந்து என்று நினைக்காதீர்கள். 1968-ல் நம் பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் லட்சக் கணக்கான ஜனங்களிடம் பி.சி.ஜி. ஊசியைச் சோதித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஏமாற்றந்தான், ஆனால் தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்தது மேல் அல்லவா? குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசத்தைத் தடுப்பதால், பச்சைக் குழந்தைக்கு அந்த ஊசியை இன்றும் போடுகிறார்கள்.

நோயாளிகள் மட்டும் அல்ல, ஆரோக்கியமானவர்களும் சோதனைக்கு முன்வருவது உண்டு. 2020-ல் கோவாக்ஸின் ஊசியின் முதல் கட்டச் சோதனையில் சேர்ந்தவர்கள் 375 தொண்டர்கள். அந்தச் சோதனை நடந்த ஆஸ்பத்திரிகளில் ஒன்று, வண்டலூரைத் தாண்டினால் வரும் காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். மருத்துவமனை.

எங்கே தேடுவது?

நம் தேசத்தில் நடக்கும் மருத்துவச் சோதனைகளுக்கு ஒரு பொதுப் பதிவேடு உண்டு. சி.டி.ஆர்.ஐ. என்று பெயர். 2007-ல் ஆரம்பித்தது. கைப்பேசியிலேயே பார்க்கலாம்; காசு கிடையாது. நோயின் பெயரைப் போட்டுத் தேடினால், எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில், எந்த டாக்டர் நடத்துகிறார், யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்பதெல்லாம் வரும். ஆங்கிலத்தில்தான் இருக்கும்; காலேஜில் படிக்கிற பெண்ணையோ பிள்ளையையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேடிப் பார்த்ததை உங்கள் வழக்கமான டாக்டரிடம் காட்டி யோசனை கேட்பது மிக அவசியம்.

உங்களை யாராவது புது மருந்துச் சோதனைக்கு அழைத்தால், "பதிவு எண் என்ன?" என்று முதலில் கேளுங்கள். எண் இல்லை என்றாலோ, சோதனை மருந்துக்குப் பணம் கட்டு என்றாலோ, பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கையெழுத்துக்கு முன்னால்

புடைவை எடுக்கப் போனால் முந்தானை, கரை, சாயம் எல்லாம் பார்க்கிறோம். நாலு கடை ஏறி இறங்குகிறோம். உடம்பு விஷயத்தில் மட்டும் டாக்டர் நீட்டிய இடத்தில் கையெழுத்தா? கூடாது. 2019-ஆம் வருஷத்து விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. இவற்றைக் கேளுங்கள்:

இந்தச் சோதனை எதற்காக? எத்தனை நாள்? எத்தனை தடவை ரத்தம் எடுப்பார்கள்?

சேராவிட்டால் எனக்கு என்ன வைத்தியம் கிடைக்கும்? (சேராததால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது.)

என்னென்ன கெடுதல் வரலாம்? வந்தால் யாரைக் கூப்பிடுவது? (சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் நஷ்ட ஈடும் தரவேண்டும்.)

நடுவில் விலகலாமா? (எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.)

நெறிமுறைக் குழு சம்மதித்திருக்கிறதா? (இதில் டாக்டர்கள் மட்டும் அல்ல, சட்டம் தெரிந்தவர், வைத்தியம் படிக்காத சாதாரண மனிதர், ஒரு பெண்மணி ஆகியோரும் இருந்தாக வேண்டும்.)

கர்ப்பமாக இருந்தாலும், கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தாலும், கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் மறைக்காதீர்கள்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் தேசத்திலேயே உதாரணம் உண்டு. 2009-ல் ஆந்திரத்தில் கம்மம் ஜில்லாவில், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை ஓர் ஆய்வுக்காகச் சிறுமிகளுக்குப் போட்டார்கள். பல பெண்களுக்குத் தாய் தகப்பன் கையெழுத்துப் போடவில்லை. விடுதிக் காப்பாளர்கள் போட்டிருந்தார்கள்! பெரிய கூச்சல் எழுந்து, 2010-ல் அந்த ஆய்வையே நிறுத்தினார்கள். ஊசி நல்ல ஊசிதான். ஆனால் பெற்றவளைக் கேட்காமல் பெண்ணுக்குப் போட்டது தவறு. கையெழுத்து என்பது வெறும் மை அல்ல, அம்மா. அது உங்கள் சம்மதம்.

அக்கா அன்றைக்குக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். நாலு நாள் கழித்துப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், முக்கால் மணி நேரம் டாக்டரைக் கேள்வி கேட்டாராம். டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னாராம். அதற்குப் பிறகே கையெழுத்துப் போட்டார்.

எந்தக் களிம்பு கிடைத்தது? அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. "புண் எப்படி இருக்கிறது, அக்கா?" என்று கேட்டால், "வாரா வாரம் அளந்து எழுதிக்கொள்கிறார்கள். என் வீட்டுக்காரர்கூட இத்தனை வருஷத்தில் என் காலை இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை!" என்று சிரிக்கிறார்.

கையெழுத்திட்ட காகிதத்தின் பிரதி ஒன்று அவரிடம் இருக்கிறது. அது நோயாளிக்குத் தரவேண்டிய பிரதி. மறக்காமல் கேட்டு வாங்குங்கள். 2015 வெள்ளத்தில் எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததிலிருந்து அக்கா முக்கியமான தஸ்தாவேஜுகளை எல்லாம் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரண்மேல் வைப்பது வழக்கம். வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் ஜாதகம் எல்லாம் அங்கேதான்.

இப்போது அந்தக் காகிதமும் அங்கேதான் இருக்கிறது.