பாறைப் பிளவும் துளையிடற் சேறும்: மக்கொண்டோ கிணறு உணர்த்துவது

பெற்றோலியக் கிணறு துளைக்கப்படும்போது, குழாயினூடாகக் கீழே செலுத்தப்படும் பாரமான சேறு, உடைந்த கற்றுகள்களைச் சுமந்துகொண்டு, குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் இடையே மேலேறி மீள்கின்றது. பாறையில் அடைபட்டுள்ள எண்ணெயும் வாயுவும் கிணற்றினுட் பாயாதவாறு தன் நிறையால் தடுத்து நிற்பதும் அச்சேறே. ஆயின், அதன் அமுக்கம் பாறையின் தாங்குதிறனை விஞ்சுமாயின் பாறை பிளக்கும். சேறு பிளவினுட் சென்று மறையும். சேற்றின் மட்டம் தாழ, வாயு மேலெழ வழி பிறக்கும். எனவே சேற்றிழப்பு வெறும் பொருளிழப்பன்று; உயிராபத்தின் முன்னறிகுறியாகும்.

பிளவை அடைக்கும் தத்துவம் எளியது. சுண்ணக்கற்றுகள், கொட்டை ஓடு, மைக்காச் செதில், நார் முதலியன தடித்த திரவத்திற் கலந்து அனுப்பப்படும். பெருந்துகள்கள் பிளவினுட் சிக்கிப் பாலமிடும். அவற்றின் இடைவெளிகளைச் சிறுதுகள்கள் நிரப்பும். துகள்கள் மிகப் பெரியனவாயின் பிளவினுட் புகா. மிகச் சிறியனவாயின் அதனூடே ஓடிவிடும். ஆகவே பிளவின் அகலத்தை மதிப்பிட்டுத் துகள்களைத் தெரிதலே இம்முறையின் சாரமாகும்.

இம்முறையின் ஆற்றலையும் அதன் தவறான பயன்பாட்டையும் ஒருங்கே காட்டுவது, மெக்சிக்கோ வளைகுடாவில் பீ.பீ. நிறுவனம் துளைத்த மக்கொண்டோ கிணறாகும். 2010 ஏப்பிரலில், 18,000 அடிக்கும் கீழே சேறு பாறையுட் புகுந்தது. 172 பீப்பாய் அடைப்புக் கலவை செலுத்தப்பட்டு இழப்புத் தடுக்கப்பட்டது. எனினும், வாயுவைத் தடுக்கும் அமுக்கத்துக்கும் பாறையைப் பிளக்கும் அமுக்கத்துக்கும் இடைப்பட்ட எல்லை மிகக் குறுகியிருந்தமையால், 20,200 அடிக்குத் திட்டமிடப்பட்ட துளை 18,360 அடியுடன் நிறுத்தப்பட்டது.

மேடையில் அடைப்புக் கலவை எஞ்சியிருந்தது. கரைக்குக் கொணரின் அதனை ஆபத்தான கழிவாகக் கையாள நேரிடும். கிணற்றினூடே செலுத்திவிட்டாற் கடலிற் கொட்டலாம் எனக் கருதப்பட்டது. ஆகவே ஏப்பிரல் 20ஆம் திகதி, கிணற்றின் உறுதியைச் சோதிக்கும்போது, சேற்றையும் கடல்நீரையும் பிரிக்கும் இடைத்திரவமாக அக்கலவை 400 பீப்பாய்க்கு மேல் இறக்கப்பட்டது. அப்பணிக்கு அது முன்னர் முறையாகச் சோதிக்கப்பட்டதன்று. துளையிடு குழாய், சதுர அங்குலத்துக்கு 1,400 இறாத்தல் அமுக்கம் காட்டியது. பக்கக் குழாயோ பூச்சியம் காட்டியது. பூச்சியமே நம்பப்பட்டது. அன்றிரவு வெடிவிபத்தில் 11 தொழிலாளர் மாண்டனர். அக்கலவை பக்கக் குழாயை அடைத்திருக்கக்கூடும் என அமெரிக்க ஜனாதிபதி ஆணைக்குழு 2011இல் சுட்டிக்காட்டியது.

பாறையின் இயல்பறிந்து பயன்படுத்தியபோது கிணற்றைக் காத்த பொருள், கழிவகற்றும் பொறுப்பைத் தவிர்க்கும் வழியானபோது, ஆபத்தை அறிவிக்கவேண்டிய குழாயையே அடைத்திருக்கலாம். கலவையைச் சோதித்தறிதல் நிறுவனத்தின் கடமையாயிருந்தது. சோதியாமையின் விலையைச் செலுத்தியோர் தொழிலாளரே.