கோட்டை கட்டியும் காவலில்லை

சதுரங்கத்தில் அரசன் ஆட்டம் முழுவதிலும் ஒருமுறை மட்டும் இரண்டு கட்டங்கள் நகரலாம். அவ்வேளையில் கோட்டை அவனைத் தாண்டி மறுபுறம் வந்தமரும். இதனையே கோட்டை கட்டுதல் என்பர். அரசனின் பக்கத்திலும் கட்டலாம்; அரசியின் பக்கத்திலும் கட்டலாம். அரசனைக் காப்பதற்கென அமைந்த இவ்விதியே, பக்கம் பிழைத்தால் அவனைச் சிறைப்படுத்திவிடும் என்பதற்கு ஓர் ஆட்டம் சான்றாகும்.

பெரு நாட்டிற் பிறந்து இத்தாலியில் வாழ்ந்த எஸ்தெபான் கனால் என்னும் வல்லுநர், 1934ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரில் ஒரே வேளையில் பலருடன் ஆடினார். அவற்றுள் ஒன்றே இது. கனாலிடம் வெள்ளைக் காய்கள், எதிராளியிடம் கறுப்பு.

அரசனின் பக்கத்தில் கோட்டை கட்டுவதற்குக் கறுப்புக்கு ஒரு குதிரையை வெளிக்கொணர்ந்தாற் போதும். எனினும் அவர் 10ஆம் நகர்விலே அரசியின் பக்கத்திற் கட்டினார். அங்கே அரசனுக்கு முன்நின்ற காலாள் ஏற்கனவே ஒரு கட்டம் முன்னேறிவிட்டது. அதனால் திறந்த மூலைவிட்டப் பாதையில் வெள்ளை மந்திரியொன்றின் பார்வை அரசனின் பக்கத்துக் கட்டங்களிற் படிந்திருந்தது.

கறுப்பு மந்திரியைக் கனாலின் காலாள் வெட்டியது. அதனால் வழி திறக்க, கறுப்பு அரசி வெள்ளைக் கோட்டையொன்றை வெட்டி முற்றுகையிட்டாள். வெள்ளை அரசன் ஒரு கட்டம் விலகினான். மற்றைக் கோட்டையும் அரசிக்கு இரையாயிற்று. கணக்குப் பார்ப்பவருக்குக் கறுப்பு வென்றுவிட்டதாகவே தோன்றும்.

அப்போது கனால் தம் அரசியையும் ஈந்தார். முன்னேறி நின்ற அக்காலாளை அவள் வெட்டி முற்றுகையிட, அருகிலிருந்த காலாள் அவளை வெட்டுவதன்றிக் கறுப்புக்கு வேறு வழியில்லை. அக்காலாள் அகன்றதும் மற்றொரு பாதை திறந்தது. அதன்வழியே கனாலின் இரண்டாம் மந்திரி வந்து தாக்க, 14ஆம் நகர்வில் ஆட்டம் முடிந்தது. இரு மந்திரிகளும் குறுக்கும் மறுக்குமாக வழிகளை அடைத்தனர். எஞ்சிய இரு கட்டங்களிலோ கறுப்பின் சொந்தக் கோட்டையும் குதிரையுமே நின்றன. காக்க வந்த கோட்டையே அரசன் தப்பும் வழியை மறித்தது!

ஆதலின், கோட்டை கட்டுமுன் இரண்டினை நோக்குதல் வேண்டும்: அரசன் சென்றமரும் இடத்தில் காலாட்கள் வரிசை குலையாது நிற்கின்றனவா? எதிரியின் மந்திரிகள் எப்பாதைகளை நோக்குகின்றன? வெட்டிய காய்களின் எண்ணிக்கை அன்று, அரசனின் நிலையே ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கிறது.