ஒன்றரை இலட்சம் கொடுத்துப் படித்த ஆங்கிலச் சொல்

காணி, வாகன விற்பனை விளம்பரங்களின் கடைசியில் 'நெகோஷியபிள்' என்றொரு சொல் இருக்கும். விலையைப் பேசித் தீர்க்கலாம் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். ஆகவே காசோலையில் இரு கோடுகளுக்கிடையே 'நொட் நெகோஷியபிள்' என்றிருந்தால், தொகையில் பேரம் பேச முடியாது என்பதாகவே எண்ணியிருந்தேன்.

ஒரு நாள் தெரிந்த வாடிக்கையாளர் ஒருவர் என் கடையில் சீமெந்தும் கம்பியும் எடுத்துவிட்டு, வேறொருவரின் காசோலையைத் தந்தார். ஒன்றரை இலட்சம் ரூபா. "எனக்கு வரவேண்டிய காசுதான் நானா, பேங்கில போடுங்க" என்றார். கொண்டு வருபவருக்குச் செலுத்தும் காசோலை. அந்த இரு சொற்களும் அதில் இருந்தன. வங்கியில் போட்டேன், பணமும் வந்தது.

இரண்டு வாரத்தில் இன்னொரு வியாபாரி தேடி வந்தார். அந்தக் காசோலை அவருக்கு வந்ததாம். அவரது லாச்சியிலிருந்து திருடப்பட்டதாம். "நான் திருடவில்லையே, சரக்குக் கொடுத்துத்தானே வாங்கினேன்" என்றேன். என் சட்டத்தரணியோ அந்த இரு சொற்களையும் சுட்டிக்காட்டி, பணத்தைக் கொடுத்துவிடச் சொன்னார். சரக்கைக் கொண்டுபோனவரை அதன்பிறகு காணவே இல்லை.

அவர் விளக்கியது இதுதான். சாதாரணமாக, ஒரு காசோலையை நல்லெண்ணத்தோடு பெறுமதி கொடுத்து வாங்கியவருக்குச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. தந்தவரின் உரிமையில் குறையிருந்தாலும் வாங்கியவருக்கு முழு உரிமை கிடைக்கும். கைமாறும்போது இப்படி உரிமை சுத்தமாவதைத்தான் வங்கி மொழியில் 'நெகோஷியபிள்' என்கிறார்கள். 'நொட்' என்று எழுதிக் கோடிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். காசோலையைக் கைமாற்றலாம்; ஆனால் தந்தவருக்கு இருந்ததைவிட மேலான உரிமை வாங்கியவருக்கு வராது. திருடனிடம் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. எமது நாட்டின் 1927ஆம் ஆண்டு 25ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டம் சொல்வது இதையே.

'எக்கவுண்ட் பேயீ ஒன்லி' என்பது வேறு. பெயர் குறிப்பிடப்பட்டவரின் கணக்கிலேயே பணத்தை வைப்பிலிடு என்று அது வங்கிக்குச் சொல்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நம்மில் பலர்.

இப்போது என் கடையில் மூன்று வழக்கங்கள். மூன்றாம் ஆளின் காசோலை வந்தால் கோடுகளுக்கிடையே என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். அந்த இரு சொற்கள் இருந்தால், தருபவரின் சொந்தக் காசோலையையோ ரொக்கத்தையோ கேட்பேன். நான் எழுதும் காசோலைகளில் அதே சொற்களை நானே போடுவேன். தொலைந்தாலும் அவை எனக்குக் காவல்.

பின்னர் அறிந்தேன்: இச்சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு 'ஓய்வில்லாமை' என்று பொருளாம், வியாபாரத்தையும் அதே சொல்லால்தான் குறித்தார்களாம். சரிதான். ஓய்வில்லாத நமக்கு, கையெழுத்திடும் தாளை வாசிக்க ஒரு நிமிடமாவது வேண்டும்.