வேகம் அளக்கும் கோல்

கோல்ஃபில் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு கிரீன் என்று பெயர். அங்கே பந்தைத் தூக்கி அடிக்க மாட்டார்கள், உருட்டிவிடுவார்கள். குழியின் அகலம் நாலேகால் அங்குலம்தான். தரையை மேடும் சரிவுமாக வேண்டுமென்றே அமைத்திருப்பார்கள். ஆட்டக்காரர்கள் அதிகம் புலம்புவதும் இங்கேதான்.

1998 யு.எஸ். ஓப்பன் சான் பிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் கிளப்பில் நடந்தது. 18ஆம் கிரீனில் பெய்ன் ஸ்டூவர்ட் உருட்டிய பந்து குழியை ஒட்டித் தவறியது. நின்றுவிடும் என்று பார்த்தால் நிற்கவில்லை. சரிவில் ஊர்ந்து ஊர்ந்து இருபதடிக்கு மேல் போய்விட்டது. கடைசியில் ஒரே ஒரு ஸ்ட்ரோக் (ஒருமுறை பந்தை அடிப்பது) வித்தியாசத்தில் கோப்பையை இழந்தார். குழியை அங்கே வெட்டியதைப் பலரும் திட்டினார்கள். என்னைக் கேட்டால், திட்டவேண்டியது, புல்லை ஒட்ட வெட்டி கிரீனை வேகமாக்கும் இயந்திரத்தை.

இதற்குச் சாட்சி சொல்ல ஒரு கருவி இருக்கிறது, ஸ்டிம்ப்மீட்டர். 1935இல் ஓக்மான்ட் மைதானத்தில், ஜீன் சாரசென் உருட்டிய பந்து கிரீனைவிட்டே வெளியேறியதை எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர் பார்த்தார். இவ்வளவு வேகம் நியாயமில்லை என்று நிரூபிக்க மரத்தில் ஒரு கோல் செய்தார். இன்றைய கோல் அலுமினியம். நீளம் 36 அங்குலம், நடுவே நெடுக ஒரு பள்ளம். மேல் முனைப் பக்கமுள்ள வெட்டில் பந்தை வைத்து அந்த முனையை மெல்லத் தூக்கினால், ஏறக்குறைய 20 டிகிரியில் பந்து தானே கழன்று உருளும். சமதரையில் மூன்று பந்துகளை ஒரு திசையிலும், பிறகு எதிர்த்திசையிலும் உருட்டி, ஓடிய தூரத்துக்குச் சராசரி எடுப்பார்கள். அத்தனை அடிதான் அந்த கிரீனின் வேகம்.

ஒரு மைதானத்தின் கிரீன்கள் எல்லாம் ஒரே சீராக இருக்கவேண்டும் என்பதற்காகவே 1978இல் இதைப் பராமரிப்பாளர்களிடம் கொடுத்தார்கள். கிளப்புகளோ 'எங்கள் கிரீன்தான் வேகம்' என்று போட்டி போடத் தொடங்கிவிட்டன. அப்போது ஆறரை அடி சாதாரணம். இன்று பெரிய போட்டிகளில் 12, 13. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆறரை அடி வேகத்தில் நூற்றுக்கு எட்டுச் சரிவிலும் பந்து நிற்கும்; 13 அடியில், அதே சரிவில் நிற்காது. பழைய காலப் புல்லுக்கு வரைந்த சரிவில் இன்றைய பந்து எப்படி நிற்கும்?

2018 யு.எஸ். ஓப்பன் ஷின்னெகாக் ஹில்ஸில் நடந்தபோது, சனிக்கிழமை மதியம் கிரீன்கள் காய்ந்து வேகம் கூடிப்போயின. ஃபில் மிக்கெல்சன், ஓடிக்கொண்டிருந்த பந்தையே திருப்பி அடித்து இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை வாங்கிக்கொண்டார். மறுநாள் தண்ணீர் விட்டு வேகத்தைக் குறைத்தார்கள், குழிகளையும் கொஞ்சம் இணக்கமான இடங்களில் வெட்டினார்கள். அதே கிரீன்களில் டாமி ஃப்ளீட்வுட் வெறும் 63 ஸ்ட்ரோக்கில் ஆடி முடித்தார்.