உறைபனி காண உதகைக்குச் செல்லுமுன்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு மருந்துச் சீட்டோடு ஒரு கேள்வியும் வந்துவிடுகிறது: "அப்பாவை ஊட்டிக்கு அழைத்துப் போகலாமா?" கேட்பவர் பெரும்பாலும் மகளோ மருமகளோ. அப்பா பக்கத்தில் பேசாமல் அமர்ந்திருப்பார். ஆசை அவருடையதுதான் என்பது முகத்திலேயே தெரியும். வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எங்களுக்கு எளிது. ஆனால் பலருக்கு அது தேவையற்ற தடை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இமயமலையைப் போல நீலகிரியில் வானிலிருந்து பனி கொட்டுவதில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை வெப்பத்தை இழக்கும்போது, காற்றிலுள்ள ஈரம் புல்லின்மீது உறைந்து வெண்மையாகப் படிகிறது. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளங்களில் தேங்கும். ஆகவேதான் தலைகுந்தாப் புல்வெளியும் உதகைக் குதிரைப் பந்தய மைதானமும் வெளுத்துக் கிடக்கின்றன. வெயில் ஏறியதும் எல்லாம் கரைந்துவிடும்.

சிக்கலும் இங்கேதான். அக்காட்சி கிடைப்பது விடியலில். இதய நோயாளிகள் மிகவும் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய நேரமும் அதுவே. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் உயர்கிறது. தருமபுரி நகரம் 500 மீட்டர் உயரத்துக்கும் கீழே இருக்க, உதகை 2,240 மீட்டரில் உள்ளது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு இங்குள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மாரடைப்பு வந்து அல்லது ஸ்டென்ட் வைத்துச் சில வாரங்களே ஆனவர்கள், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குபவர்கள், கடுமையான இரத்தசோகை உள்ளவர்கள், அரிவாள் செல் நோயாளிகள் ஆகியோர் இப்பருவத்தில் போகவேண்டாம். மற்றவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போகலாம். உறைபனியை வண்டிக்குள் இருந்தபடியே பார்க்கலாம். முதல் நாள் தொட்டபெட்டா ஏறாமல் அறையில் ஓய்வெடுப்பது நல்லது.

ஆஸ்துமா உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு வெளியே வரட்டும். இன்ஹேலர் பெட்டியில் அல்ல, சட்டைப் பையில் இருக்கட்டும். இன்சுலின் உறைந்துவிட்டால் அதை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது. கால் மரத்துப்போன நீரிழிவு நோயாளிகள் கணப்பருகே காலை நீட்டி உட்கார வேண்டாம். சுடுவதே தெரியாமல் கொப்புளம் எழும், அது ஆறாப் புண்ணாகும்.

எல்லாவற்றையும்விட எங்களை அஞ்சவைப்பது கரி அடுப்பு. குளிர் தாங்காமல் தணலை அறைக்குள் வைத்து, கதவையும் சன்னலையும் சாத்திவிட்டு உறங்குகிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. புகையே இல்லாத தணலிலிருந்தும் அது வரும். உறங்குபவர் உறக்கத்திலேயே இறந்துபோகிறார். நல்ல உடல்நலம் உள்ளவரையும் அது விடாது. இன்னொரு கம்பளி கேட்டு வாங்குங்கள், தணல் வேண்டாம்.

விலங்குகளைக் காணும் ஆவலுக்கு முதுமலை இருக்கிறது. தெப்பக்காட்டு யானைகள் முகாம் உதகையின் பாதி உயரத்தில்கூட இல்லை என்பதால், மலையுச்சியைத் தாங்காத உடலுக்கும் அது ஏற்றது. மைசூரு, குண்டலுப்பேட்டை வழியே சென்றால் உதகையைத் தொடாமலே அடையலாம். அந்தக் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும். அதற்கேற்ப மாத்திரை, உணவு நேரங்களை வகுத்துக்கொள்ளுங்கள். குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை நின்றால், படம் எடுக்க நெருங்க வேண்டாம். மலைப்பாதைக் குரங்குகளுக்கு, கையில் தொங்கும் பை எல்லாமே தின்பண்டப் பைதான். மாத்திரைப் பையை வெளியே காட்டாதீர்கள். குரங்கு கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வெறிநோய்த் தடுப்பூசிக்குச் செல்லவேண்டும்.

இவ்வாண்டு இவ்வளவு தூரம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், நம் மாவட்டத்து வத்தல்மலை இருக்கிறது. காப்பித் தோட்டங்களுக்கிடையே மூடுபனி படர்ந்திருக்கும். அங்கே உறைபனி இல்லைதான். ஆனால் காலையில் புறப்பட்டு, மதிய மாத்திரைக்கு வீடு திரும்பிவிடலாம்.