வைஃபை பாஸ்வேர்டு மறந்துபோச்சா? ரீசெட் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க



சேமிப்பு, கடன், வட்டி எல்லாவற்றையும் பேரேட்டில் எழுதிய காலத்தில் நமக்கு இருந்த பயமெல்லாம் நோட்டு தொலைஞ்சிடக் கூடாது, மழையில் நனைஞ்சிடக் கூடாது என்பதுதான். இப்போது லோக்ஓஎஸ் மாதிரி செயலிகள் வந்துவிட்டன. குழுவின் கணக்கை டேப்பில் பதிந்து இணையத்தில் ஏற்ற வேண்டியிருக்கிறது. அதனால் புதுசாக ஒரு பயமும் சேர்ந்திருக்கிறது. டேப் இருக்கு, சார்ஜ் இருக்கு, அலுவலகத்தில் வைஃபையும் இருக்கு. ஆனால் பாஸ்வேர்டு மட்டும் யாருக்கும் தெரியலை!

கிராமங்களுக்கு வரும்போது இதை நான் அடிக்கடி கேட்கிறேன். பெரும்பாலும் கதை ஒன்றுதான். நெட் போட்ட அன்று பக்கத்தில் இருந்தது கணக்கு எழுதும் பெண். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி வேறு ஊர் போயிருக்கும், இல்லை வேறு வேலை கிடைத்திருக்கும். டேப்பை ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கியதும், அல்லது புது டேப் வந்ததும், அது பாஸ்வேர்டு கேட்கும். தலைவி செயலாளரைப் பார்ப்பார், செயலாளர் பொருளாளரைப் பார்ப்பார். அந்த மாதக் கணக்கு ஏறாது. கணக்கு ஏறாத குழுவின் கடன் விண்ணப்பம் அப்படியே நிற்கும். ஆடு வாங்க, பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட என்று அந்தப் பணத்தை நம்பியிருக்கிற பத்துப் பன்னிரண்டு பேருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இந்த நேரத்தில் பதற்றத்தில் செய்கிற காரியம்தான் மறதியைவிடப் பெரிய நஷ்டத்தைக் கொடுக்கும். அதனால் முதலில் எதைச் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன்.

கை வைக்கக் கூடாத மூன்று இடங்கள்

வைஃபை பெயரைத் தொட்டால் 'ஃபர்கெட்' என்று ஒரு பட்டன் வரும். ஏற்கெனவே நெட் வேலை செய்கிற எந்தப் போனிலும் டேப்பிலும் அதைத் தொடாதீர்கள். தொட்டால் அந்தக் கருவி பாஸ்வேர்டை அழித்துவிடும். ஊரில் மிச்சமிருக்கும் ஒரே சாவியைக் கிணற்றில் போட்ட மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது, டேப்பையே 'ஃபேக்டரி ரீசெட்' செய்வது. வைஃபை பாஸ்வேர்டுக்கு இது மருந்தே இல்லை. டேப்பில் பதிந்து இன்னும் ஏற்றாமல் இருக்கும் கணக்கு எல்லாம் போய்விடும். அதோடு, பட்டன்களை அழுத்திப்பிடித்து அழித்த ஆண்ட்ராய்டு டேப், திரும்ப எழுந்ததும் முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். திருடர்களுக்காக வைத்த பூட்டு இது. நம் டேப்பில் இருப்பதோ வேலையை விட்டுப்போன பெண்ணின் சொந்த ஜிமெயில்! அவர் வந்து பாஸ்வேர்டு போடும்வரை டேப் வெறும் பலகைதான்.

மூன்றாவது, வைஃபை பெட்டியின் பின்பக்கம் உள்ள ஊசித்துளை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்று பாஸ்வேர்டு, மூன்று வேலை

குழப்பத்தில் பாதி, எல்லாவற்றையும் 'நெட் பாஸ்வேர்டு' என்று ஒரே பெயரில் சொல்வதால் வருகிறது. உண்மையில் மூன்று இருக்கின்றன.

டேப்பும் போனும் கேட்பது வைஃபை பாஸ்வேர்டு. அது வாசல் சாவி. பெட்டிக்குள் போய் அமைப்பை மாற்ற ஒரு பாஸ்வேர்டு உண்டு. அதை அட்மின் பாஸ்வேர்டு என்பார்கள். அது பீரோ சாவி. நெட் கொடுக்கும் கம்பெனி நம் இணைப்புக்குத் தந்த பெயரும் பாஸ்வேர்டும் மூன்றாவது. அது வீட்டுப் பத்திரம் மாதிரி. பல இணைப்புகளில் அதைப் பெட்டிக்குள் ஒரு தடவை கம்பெனி ஆளே போட்டுவிட்டுப் போயிருப்பார், நாம் பார்த்திருக்கவே மாட்டோம்.

நாம் மறந்தது வாசல் சாவியை மட்டும்தான். அது தொலையவில்லை. பெட்டிக்குள் இருக்கிறது, இதுவரை அந்த வைஃபையில் சேர்ந்த ஒவ்வொரு போனிலும் ஒரு நகல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

தேடும் வழி

தேடுவதற்கு முன் ஒரு சோதனை. சில சமயம் பாஸ்வேர்டு சரியாகவே இருக்கும், நாம் அடிப்பதில்தான் தப்பு இருக்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. பூஜ்யமும் ஆங்கில ஓவும், ஒன்றும் சின்ன எல்லும் ஒரே மாதிரி இருக்கும். அடிக்கும் இடத்தில் ஒரு கண் படம் இருக்கும், அதைத் தொட்டால் அடித்தது தெரியும். வீட்டிலும் அலுவலகத்திலும் நாம் பயன்படுத்தும் வைஃபை பாஸ்வேர்டு 8 எழுத்துக்குக் குறையாது. யாராவது "1234 தான்க்கா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றால் அது வேறு எதற்கோ உள்ள நம்பர்.

அடுத்து, வைஃபை பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியிலோ பின்பக்கமோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பெட்டி வந்தபோது இருந்த வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அதில் அச்சாகியிருக்கும். யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் அதுவே போதும். டேப்பில் தெரியும் பெயரும் ஸ்டிக்கரில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால் பாஸ்வேர்டும் மாறாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

அது பலிக்கவில்லை என்றால், நெட் வேலை செய்கிற ஒரு போனைத் தேடுங்கள். தலைவியின் போனாக இருக்கலாம், சாயங்காலம் வந்து உட்காருகிற அவர் மகன் போனாகவும் இருக்கலாம். ஆண்ட்ராய்டு 10, அதற்குப் பிறகு வந்த போன் என்றால் வேலை சுலபம். செட்டிங்ஸ் போய் வைஃபையைத் திறங்கள். இணைந்திருக்கும் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொடுங்கள். 'ஷேர்' அல்லது 'கியூஆர் கோடு' என்று வரும். அதைத் தொட்டால் போனின் லாக் நம்பரையோ கைரேகையையோ கேட்கும். அதாவது போனுக்கு உரியவர் பக்கத்தில் இருந்தால்தான் நடக்கும், அதுவும் நல்லதுதான். பிறகு கடையில் பணம் அனுப்ப ஸ்கேன் செய்கிறோமே, அதே மாதிரி ஒரு கட்டம் வரும். பல போன்களில் அதற்குக் கீழேயே பாஸ்வேர்டு எழுத்தில் இருக்கும். உடனே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுத்தில் வராவிட்டாலும் கவலை இல்லை. டேப்பும் ஆண்ட்ராய்டு 10க்கு மேல் என்றால், டேப்பின் வைஃபை பக்கத்தில் ஸ்கேன் செய்யும் சின்ன படம் இருக்கும். அதைத் தொட்டு அந்தக் கட்டத்தைக் காட்டுங்கள். பாஸ்வேர்டே தெரியாமல் டேப் இணைந்துவிடும்.

வேலையை விட்டுப்போன பெண் காரைக்காலில் இருந்தாலும் இந்த வழி உதவும். அவர் நம் அலுவலகத்துக்கு வர வேண்டியதில்லை. பழைய வைஃபை எல்லாம் அவர் போனில் 'சேவ்டு நெட்வொர்க்' பட்டியலில் இருக்கும். அதில் நம் அலுவலகத்தின் பெயரைத் தொட்டு 'ஷேர்' கொடுத்தால் அங்கிருந்தே படித்துச் சொல்லலாம். ஒரு போன் கால் செலவு. "எப்படிம்மா இருக்க, புருஷன் வீடு எப்படி இருக்கு" என்று நாலு வார்த்தை பேசினமாதிரியும் ஆச்சு.

ஐபோன், ஐபேடு வைத்திருப்பவர்கள் நம் குழுக்களில் குறைவு. இருந்தால், 2022ல் வந்த 16ஆம் பதிப்பு முதல் வைஃபை பெயர் பக்கத்தில் உள்ள 'ஐ' குறியைத் தொட்டால் பாஸ்வேர்டு தெரியும். அலுவலகத்தில் விண்டோஸ் 11 கணினி அந்த வைஃபையில் இணைந்திருந்தால், அதன் செட்டிங்ஸில் வைஃபை பகுதிக்குள் தெரிந்த நெட்வொர்க்குகளின் பட்டியல் இருக்கும், அதிலும் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு 9, அதற்கு முந்திய டேப்பில் மட்டும் இந்த வசதி கிடையாது. நெட் ஓடிக்கொண்டே இருக்கும், பாஸ்வேர்டை மட்டும் காட்டாது.

அப்படிப்பட்ட பழைய டேப் ஒன்றுதான் இருக்கிறது என்றால் பீரோ சாவிக்குப் போக வேண்டும். நெட் இணைந்திருக்கும் அந்த டேப்பில் குரோமைத் திறந்து மேலே 192.168.1.1 என்று அடியுங்கள், வராவிட்டால் 192.168.0.1. சரியான எண் ஸ்டிக்கரிலேயே இருக்கும். பெட்டியின் உள்பக்கம் திறந்து அட்மின் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். பல பெட்டிகளில் அதுவும் ஸ்டிக்கரில்தான். உள்ளே 'வயர்லெஸ்' பகுதியில் வைஃபை பாஸ்வேர்டைப் பார்க்கலாம், புதுசாகவும் மாற்றலாம். மாற்றினால் எல்லாப் போனும் ஒரு தடவை துண்டிக்கப்படும், புது பாஸ்வேர்டு போட்டால் சரியாகிவிடும். மற்ற எதையும் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள்.

ஜியோ, ஏர்டெல் ஃபைபர் வைத்திருப்பவர்கள் அந்தந்தக் கம்பெனியின் செயலியிலேயே வைஃபை பாஸ்வேர்டை மாற்றலாம். இணைப்பு எடுத்தபோது கொடுத்த மொபைல் நம்பர் கையில் இருக்க வேண்டும், அதற்குத்தான் ஓடிபி வரும். அது யாருடைய நம்பர் என்று உங்கள் அலுவலகத்தில் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

எதுவும் பலிக்காமல் போனால்தான் ஊசித்துளை. சாதாரணமாக ஸ்விட்சை அணைத்துப் போடுவதால் பாஸ்வேர்டு போகாது, பயப்பட வேண்டாம். ஆனால் துளைக்குள் குண்டூசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தினால் பெட்டி கடையில் இருந்து வந்த நிலைக்குப் போகும். வைஃபை பாஸ்வேர்டு ஸ்டிக்கரில் உள்ளதாக மாறிவிடும், அது நமக்கு வேண்டியதுதான். கூடவே கம்பெனி ஆள் போட்ட அந்தப் பத்திரமும் பல பெட்டிகளில் அழிந்துவிடும். வைஃபை இணையும், நெட் வராது. சனிக்கிழமை சாயங்காலம் இதைச் செய்தால் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் முதலில் கம்பெனிக்கோ கேபிள்காரருக்கோ போன் செய்து, "ரீசெட் பண்ணப் போறோம், திரும்பப் போட்டுத் தருவீங்களா" என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அதுவரை கணக்கு நிற்க வேண்டியதில்லை. ஒருவர் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு டேப்பை அதில் இணைத்து ஏற்றிவிடலாம். கணக்கு ஏற்ற அதிக டேட்டா ஆகாது.

இன்னொன்று. 'எந்த வைஃபை பாஸ்வேர்டையும் காட்டும்' என்று பிளே ஸ்டோரிலும் யூடியூபிலும் நிறைய வரும். அதை நம் டேப்பில் ஏற்றாதீர்கள். அந்த டேப்பில் உறுப்பினர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கிறது. தெரியாமல் ஏற்றிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள்.

சாவி யாரிடம் இருக்கணும்?

கம்பியில்லாமல் தகவல் போவது நம் பகுதிக்குப் புதுசு இல்லை. வைஃபை என்ற சொல்லையே யாரும் கேட்காத 1998ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. கிராமங்களில் டெலிபோன் சரியாக இல்லாததால், வில்லியனூரில் இருந்து ரேடியோ அலை மூலமாகத் தகவல் அனுப்பினார்கள். ஏம்பலத்தில் மையம் கோயில் கட்டடத்தில் இயங்கியது. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள்.

நல்லவாட்டிலும் அப்படி ஒரு மையம் இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் ஊருக்குப் போன் செய்து எச்சரித்தார். ஊர் மக்கள் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, உள்ளே இருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் வெளியேறித் தப்பியது. பூட்டிய கதவை உடைக்கலாம். பாஸ்வேர்டை உடைக்க முடியாது, அதனால் அதை வைக்கும் முறையை முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கிறது.

வங்கிக் கணக்கை ஒருவர் கையெழுத்தில் நாம் விடுவதில்லையே, அதே முறைதான் இதற்கும். ஒரு தாளில் வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டு, கம்பெனியின் வாடிக்கையாளர் எண், பதிவான மொபைல் நம்பர், டேப்பின் லாக் நம்பர், டேப்பில் உள்ள ஜிமெயில் எல்லாவற்றையும் எழுதுங்கள். கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, பணப்பெட்டியில் வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் 'கவர் வைக்கப்பட்டது' என்று தேதி மட்டும் எழுதினால் போதும், பாஸ்வேர்டை அதில் எழுதாதீர்கள், அது பலர் கை மாறும் புத்தகம். சுவரில் சாக்பீஸில் எழுதும் வழக்கமும் வேண்டாம். நம் வைஃபையில் யாராவது தப்பான காரியம் செய்தால் போலீஸ் முதலில் தேடி வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான்.

கணக்கு எழுதுபவர் மாறும்போது பேரேடு, ரசீதுப் புத்தகத்தோடு இந்தக் கவரையும் எண்ணி வாங்குங்கள். அவருடைய ஜிமெயிலை டேப்பில் இருந்து அவரை வைத்தே நீக்கி, கூட்டமைப்பின் பெயரில் ஒரு ஜிமெயில் போடுங்கள். ஆனால் நீக்கும் முன்பு ஏற்றாத பதிவு ஏதும் இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர் போன பிறகு வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். அவர் மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை, வாடகை வீட்டில் ஆள் மாறினால் பூட்டு மாற்றுவதில்லையா? புது பாஸ்வேர்டைப் பழைய கவரில் திருத்தாமல் புதுக் கவர் போட்டு வையுங்கள்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கூட்டமைப்புகள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு டேப்பையும் சார்ஜரையும் எடுத்துவாருங்கள். வைஃபை பெட்டியின் ஸ்டிக்கரைப் போனில் ஒரு படம் எடுத்து வந்தால் போதும், பெட்டியைக் கழற்ற வேண்டாம். அந்தப் படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.